சென்னையிலிருந்து ஜனநாயகக் கல்வி மாநாட்டுக்கு: குழந்தையோடு கிளம்புபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐடெக் என்பது உலக ஜனநாயகக் கல்வி மாநாடு. பள்ளி எப்படி நடக்க வேண்டும் என்று முடிவெடுப்பதில் ஆசிரியருக்கு இருக்கும் அதே ஓட்டு குழந்தைக்கும் இருக்க வேண்டும் என்று நம்புகிறவர்கள், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்து கூடும் இடம். இதற்கென்று நிரந்தரத் தலைமை அலுவலகம் கிடையாது. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு நாட்டுப் பள்ளியோ அமைப்போ பொறுப்பேற்று நடத்தும். அதனால் கட்டணம், தங்குமிடம், கடிதத்தின் வடிவம் எல்லாமே முறைக்கு முறை மாறும்.

கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள் எழுதியவை. பதிவு செய்யுங்கள், தூங்கும் பையைக் கட்டுங்கள், ரயில் ஏறி வாருங்கள் என்று முடிந்துவிடும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை எப்படிப் பிரிப்பது, பள்ளிக்கே போகாத பிள்ளைக்கு விசா ஃபைலில் எந்தப் பள்ளியின் கடிதத்தை வைப்பது என்று அதில் இருக்காது. நாங்கள் அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பெற்றோர், வீட்டுக்கல்வி பார்க்கும் குடும்பங்கள், சின்ன கற்றல் மையம் நடத்துபவர்கள் எல்லோருக்கும் உதவும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். இந்த மாநாட்டில் உங்கள் குழந்தை உங்களுக்குத் துணையாக வருபவர் இல்லை, அவரே ஒரு பங்கேற்பாளர். ஃபைலில் உள்ள ஒவ்வொரு தாளும் அதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், "பள்ளி நடக்கும்போது பிள்ளையை எதற்கு அழைத்துப் போகிறீர்கள்?" என்ற கேள்வி வந்தே தீரும்.

1. எங்கே, எப்போது என்று பார்த்துக் கணக்கு போடுங்கள்

2016இல் ஃபின்லாந்தின் மிக்கெலி, 2018இல் பெங்களூரு, 2019இல் உக்ரைனின் கீவ் என்று மாநாடு ஊர் ஊராகப் போகும். பெங்களூரு என்றால் சென்ட்ரலில் ரயில் ஏறினால் போதும். ஃபின்லாந்து என்றால் அரை வருட வேலை. ஐரோப்பாவுக்கு யூடெக், ஆசிய பசிபிக் பகுதிக்கு ஏப்டெக் என்று வட்டாரக் கூடல்களும் நடக்கின்றன. முதல் முறை போகிறவர்களுக்கு என் யோசனை ஆசியக் கூடல்தான். விமானச் செலவு குறையும், சாப்பாடும் குழந்தைக்கு ஒத்துப்போகும்.

ஐரோப்பாவில் நடப்பவை பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் வரும். அங்கே அது கோடை விடுமுறை. நமக்கோ ஜூனில் பள்ளி திறந்து பாடம் சூடுபிடித்திருக்கும் நேரம். சிபிஎஸ்இயில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை என்றால் 75 சதவீத வருகைப்பதிவை மறந்துவிடாதீர்கள். என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) வழியாகப் பரீட்சை எழுதுபவர்கள் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் மோதாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

2. குழந்தையிடம் கேளுங்கள்

போக வேண்டும் என்ற ஆசை யாருடையது என்று தெளிவாக வேண்டும். உங்கள் ஆசையாக இருந்தால் நீங்கள் மட்டும் போய் வாருங்கள், அதில் தவறே இல்லை. மையத்திலிருந்து குழுவாகப் போவதானால், யார் போவது, பணம் எப்படித் திரட்டுவது என்பதையெல்லாம் வாராந்தரக் கூட்டத்திலேயே வைத்து முடிவெடுங்கள். பெரியவர்கள் தனியாக உட்கார்ந்து பெயர்களைத் தீர்மானித்துவிட்டு ஜனநாயகக் கல்வி மாநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அங்கே என்ன நடக்கும் என்று குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு பகுதி நிகழ்ச்சிகள் முன்பே திட்டமிட்டவை. மற்றொரு பகுதி பல இடங்களில் "ஓப்பன் ஸ்பேஸ்" முறையில், அதாவது வந்தவர்களே தலைப்புகளைத் தீர்மானிக்கும் முறையில் நடக்கும். சுவரில் நேரமும் இடமும் கட்டம் போட்டு ஒட்டியிருப்பார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு தாளில் தலைப்பை எழுதி ஒரு கட்டத்தில் ஒட்டலாம். எட்டு வயதுப் பிள்ளை "பல்லாங்குழி" என்று எழுதி ஒட்டினால், அந்த நேரத்தில் அந்த மரத்தடியில் பல்லாங்குழி நடக்கும். பிடிக்காத அமர்விலிருந்து எழுந்து போவது அங்கே மரியாதைக் குறைவு இல்லை, அதுதான் விதியே. நம் பிள்ளைகள் இதற்குப் பழக இரண்டு நாள் ஆகும். பெற்றோருக்கு இன்னும் அதிகம் ஆகும்.

3. பாஸ்போர்ட்: இனிஷியலில் கவனம்

சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் பாஸ்போர்ட் சேவா மையங்கள் இருக்கின்றன. 36 பக்க பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களுக்கு 1,500 ரூபாய், 18 வயதுக்குக் கீழ் 1,000 ரூபாய். தட்கல் என்றால் மேலே 2,000 ரூபாய். குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்கு அல்லது 18 வயது முடியும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். 15 வயது தாண்டியவர்கள் 1,500 ரூபாய் கட்டிப் பத்து வருட பாஸ்போர்ட் வாங்கலாம். இந்த வசதி இருப்பது பலருக்குத் தெரியவில்லை.

குழந்தைக்கு விண்ணப்பிக்கும்போது பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட அனெக்ஷர் டி (இணைப்புப் படிவம்) வேண்டும். ஒருவர் மட்டும் கையெழுத்திடும் நிலை என்றால் அனெக்ஷர் சி. பெற்றோர் இருவரிடமும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால் குழந்தைக்குப் பொதுவாக போலீஸ் விசாரணை இருக்காது, வேலை சீக்கிரம் முடியும். ஆகவே உங்கள் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

இப்போது இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் "மாறன்" என்று மட்டும் இருக்கும். பள்ளிப் பதிவேட்டில் "க. மாறன்", ஆதாரில் "மாறன் கதிரவன்". பாஸ்போர்ட்டில் இனிஷியல் எழுத முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அப்பா பெயரையோ அம்மா பெயரையோ குடும்பப் பெயர் இடத்தில் போடுங்கள். அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் டிக்கெட் போடும்போதே சிக்கல் ஆரம்பிக்கும், சில வளைகுடா நாடுகளின் விசாவுக்கும் அது தடை. பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே ஏறாமல் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருந்தால், முதலில் பெயர் பதிவு செய்துகொண்டு வாருங்கள். அதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்பது நம் கையில் இல்லை, எனவே எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்க வேண்டியது இதுதான்.

4. பதிவும் அழைப்புக் கடிதமும்

பதிவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். கட்டணம் பெரும்பாலும் ஒரே விலையாக இருக்காது. நாட்டுக்கு ஏற்ப, வருமானத்துக்கு ஏற்ப, வயதுக்கு ஏற்ப என்று படிகள் இருக்கும். உங்கள் நிலைமையை எழுதிக் கேட்டால் குறைக்கிறார்கள். தயங்காமல் கேளுங்கள். ஆனால் சீக்கிரம் கேளுங்கள், உதவித்தொகைப் பணம் முதலில் கேட்டவர்களுக்கே போய்விடுகிறது.

பதிவு முடிந்ததும் அழைப்புக் கடிதம் கேளுங்கள். நடத்துபவர்கள் ஆசிரியர்கள், தன்னார்வலர்கள். "எங்கள் மாநாட்டுக்கு அன்புடன் வரவேற்கிறோம்" என்று நான்கு வரி எழுதி அனுப்பிவிடுவார்கள். விசாவுக்கு அது போதாது. கடிதத்தில் என்ன வேண்டும் என்று நீங்களே எழுதி அனுப்புங்கள்:

- குழந்தை உட்பட ஒவ்வொருவரின் முழுப்பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண்
- குழந்தை "பங்கேற்பாளராக" அழைக்கப்படுகிறார் என்ற வாசகம், முடிந்தால் அவர் நடத்தப்போகும் அமர்வின் பெயர்
- மாநாட்டுத் தேதிகள், முகவரி
- எங்கே தங்குவீர்கள், யார் செலவில் என்ற விவரம்
- கையெழுத்திட்டவரின் பதவி, தொலைபேசி எண், அமைப்பின் பதிவு எண்

நான்காவதை யாரும் கவனிப்பதில்லை. பள்ளி வகுப்பறையிலோ கூடாரத்திலோ தங்குவதாக இருந்தால் ஓட்டல் முன்பதிவுச் சீட்டு இருக்காது. அப்போது தங்குமிடச் சான்று இந்தக் கடிதம்தான்.

உதவித்தொகை வாங்கும் மையங்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுப் பணம் உங்கள் டிரஸ்டின் கணக்குக்கு நேராக வந்தால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவோ முன்அனுமதியோ இருந்தே ஆக வேண்டும். இரண்டும் இல்லாமல் வாங்குவது குற்றம், தொகை சின்னதாக இருந்தாலும் அப்படித்தான். கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லுங்கள், அல்லது தங்குமிடச் செலவை அவர்களே அங்கே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். டிரஸ்ட் கணக்கு எண்ணை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

5. விசா ஃபைல்

பெரும்பாலானோர் சிக்கிக்கொள்வது ஷெங்கன் விசாவில் (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். முடிவுக்கு 15 நாள் என்று சொன்னாலும் 45 நாள் வரை நீட்டிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் கோடைச் சுற்றுலாக் கூட்டம் முழுக்க அப்பாயின்மென்ட்டைப் பிடித்துவிடும். ஜூலை மாநாட்டுக்கு பிப்ரவரி, மார்ச்சிலேயே தேதி எடுங்கள்.

கட்டணம் 12 வயது முதல் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழ் இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12 வயதுக்குக் கீழ் விரல்ரேகை எடுப்பதில்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் எடுத்ததாக, திரும்பிவரும் நாளுக்கு அப்புறமும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர். ஸ்டுடியோவில் "ஷெங்கன் சைஸ்" என்று சொன்னால் புரியும்.

பணம் சார்ந்த தாள்களில் சீல் முக்கியம். பேங்க் ஸ்டேட்மென்ட்டை மொபைலில் இறக்கி பிரின்ட் எடுத்தால் போதும் என்பார்கள். நான் எல்லாப் பக்கத்திலும் கிளையின் சீலும் கையெழுத்தும் வாங்கிவிடச் சொல்வேன். கிளையில் "சிஸ்டம் ஸ்டேட்மென்ட்டுக்குச் சீல் தேவையில்லை" என்று எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். எழுத்தில் விண்ணப்பம் கொடுத்த பிறகு போட்டுக் கொடுத்தார்கள். ஃபைலுக்காக யாரிடமாவது இரண்டு லட்சம் கைமாற்று வாங்கிக் கடைசி வாரத்தில் கணக்கில் போடாதீர்கள். ஸ்டேட்மென்ட்டில் அது மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். மாதாமாதம் வருவதும் போவதுமாக இருக்கும் சின்னக் கணக்கே மேல். வருமானவரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, விடுப்புக் கடிதம், சொந்தத் தொழில் என்றால் பதிவுச் சான்று, இவையெல்லாம் வழக்கமானவை.

நம் ஆட்களுக்கென்றே உள்ள சிக்கல் பள்ளிக் கடிதம். பட்டியலில் "பள்ளியிலிருந்து விடுப்பு அனுமதி" என்று இருக்கும். கவுன்ட்டரில் இருப்பவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "எந்த ஸ்கூல் பாப்பா?" என்பார். "நான் வீட்டிலேதான் படிக்கிறேன் மேடம்" என்று பிள்ளை சொன்னதும் அவர் உங்களை நிமிர்ந்து பார்ப்பார். அந்த நேரத்தில் வாயால் விளக்க ஆரம்பிக்காதீர்கள். அவர் தாள்களைச் சரிபார்ப்பவர், முடிவெடுப்பவர் தூதரகத்தில் இருக்கிறார். "அதற்கான கடிதம் உள்ளே இருக்கிறது" என்று சொல்லி எடுத்துக் காட்டுங்கள். அந்த இடத்தில் வைக்க வேண்டியவை:

- என்ஐஓஎஸ் பதிவு இருந்தால் அடையாள அட்டையின் நகல். இது மிகவும் உதவும்.
- கற்றல் மையம் என்றால் முகவரியோடு கூடிய லெட்டர்ஹெட்டில், குழந்தை எப்போதிலிருந்து வருகிறார், மாநாடு முடிந்து எந்தத் தேதியில் திரும்பி வருவார் என்ற கடிதம்.
- பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட அரைப்பக்க விளக்கம்.

அரைப்பக்கம்தான். கல்வித் தத்துவத்தை நான்கு பக்கம் எழுத வேண்டாம். 2005 பெர்லின் மாநாட்டில் ஏற்றுக்கொண்ட தீர்மானத்தின் சாரம் இரண்டே விஷயம்: எதை, எப்போது, எங்கே, எப்படி, யாரோடு கற்பது என்று தானே தீர்மானிக்கும் உரிமை இளையவர்களுக்கு உண்டு, தங்கள் பள்ளியை நடத்தும் முடிவுகளில் அவர்களுக்குச் சம பங்கு உண்டு. இதைச் சொல்லி, "எங்கள் பிள்ளை இந்த முறையில் கற்கிறார், அதனால் இந்த மாநாட்டில் பங்கேற்கிறார்" என்று எழுதினால் முழு ஃபைலுக்கும் பொருள் வந்துவிடும். கூடவே குழந்தை தன் கையெழுத்தில், தான் ஏன் போகிறேன், அங்கே என்ன செய்யப்போகிறேன் என்று பத்து வரி எழுதட்டும். தமிழில் எழுதினால் ஆங்கில மொழிபெயர்ப்பை இணையுங்கள். திருத்தி மெருகேற்ற வேண்டாம்.

தெரிந்த பள்ளியில் அங்கே படிப்பதாக ஒரு போனஃபைடு சான்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று உறவினரோ ஏஜென்ட்டோ கட்டாயம் சொல்வார்கள். செய்யாதீர்கள். பொய்ச் சான்று என்று தெரிந்தால் இந்த விசா மட்டுமல்ல, அந்தக் குழந்தையின் அடுத்தடுத்த விசாக்களும் போகும். அதோடு, தன்னைப் பற்றிய பொய்யைக் கவுன்ட்டரில் சொல்லும்படி ஒரு பிள்ளையை நிறுத்துவதற்கு நமக்கு உரிமையில்லை.

நேபாளம் என்றால் இந்தியர்களுக்கு விசாவே வேண்டாம். ஆனால் 65 வயது வரையிலான பெரியவர்கள் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வைத்திருக்க வேண்டும், ஆதார் செல்லாது. 15 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி முதல்வர் தரும் அடையாளச் சான்றை ஏற்பார்கள் என்றாலும், முதல்வரே இல்லாத நம் பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட்தான் வழி. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை, அதற்குத் தனி விசா.

6. பெற்றோர் இருவரும் போகவில்லை என்றால்

ஷெங்கன் விண்ணப்பத்தில் குழந்தைக்காகப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மட்டும் கூடப் போனாலோ, கற்றல் மையத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனோ அக்காவோ அழைத்துப் போனாலோ, போகாதவரின் ஒப்புதல் கடிதம் நோட்டரி கையெழுத்தோடு வேண்டும். பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தைச் சுற்றிலும் நோட்டரிகள் இருக்கிறார்கள். அங்கே டைப் அடித்து வைத்திருக்கும் படிவத்தில் "சுற்றுலா" என்றுதான் இருக்கும். அவசரத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள், நின்று படித்துப் பார்த்து மாநாட்டின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அழைத்துப் போகிறவரின் பாஸ்போர்ட் எண், தேதிகள், அவசர மருத்துவச் சிகிச்சைக்கு அவர் ஒப்புதல் தரலாம் என்ற வரி, மூன்றும் இருக்க வேண்டும். அசல் இரண்டு எடுங்கள். ஒன்று விசா ஃபைலுக்குப் போகும், மற்றது குடியேற்றப் பிரிவில் கேட்டால் காட்ட.

7. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு

அரசுப் பள்ளியில் இருந்துகொண்டே இந்தச் சிந்தனையைக் கொண்டுவர முயலும் ஆசிரியர்கள்தான் அங்கே முக்கியமாகப் போக வேண்டியவர்கள். உங்களுக்கு வேலை கொஞ்சம் கூடுதல். பாஸ்போர்ட்டுக்கே அனெக்ஷர் எச் வடிவில் துறைக்கு முன்னறிவிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும், அல்லது அனெக்ஷர் ஜி வடிவில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். வெளிநாட்டுப் பயண அனுமதி தனி. அது தலைமையாசிரியர் வழியாகப் படிப்படியாக மேலே போய்த் திரும்ப வேண்டும். அழைப்புக் கடிதம் கைக்கு வந்த அன்றே எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடம், சாப்பாடு, டிக்கெட் ஆகியவற்றை வெளிநாட்டு அமைப்பு தந்தால் அரசு ஊழியர்கள் மத்திய உள்துறையிடமும் முன்அனுமதி பெற வேண்டும், படிவம் எஃப்சி-2. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே அது அங்கே போய்ச்சேர வேண்டும்.

8. டிக்கெட், பணம்

விசா வரும் வரை, பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டோ முன்பதிவு மட்டுமோ போதும். ஜூலையில் ஐரோப்பாவுக்குப் போய்வர ஒருவருக்கு 60,000 முதல் 90,000 ரூபாய் வரை பார்த்திருக்கிறேன். விலை குறைவு என்று லண்டன் வழியாகவோ அமெரிக்கா வழியாகவோ எடுக்காதீர்கள், விமானம் மாறுவதற்கே அங்கே தனி விசா கேட்பார்கள்.

மாநாட்டுக் கட்டணத்தை கார்டில் கட்டும்போது "தோல்வி" என்று வந்தால் பதறாதீர்கள். நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே வைக்கப்பட்டிருக்கும், வங்கிச் செயலியில் போய் நீங்கள்தான் திறக்க வேண்டும். ஏஜென்ட்டிடம் எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றுலாப் பேக்கேஜாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கும் வருமானவரி) பிடிப்பார்கள். வருமானவரிக் கணக்கில் பிறகு கழித்துக்கொள்ளலாம் என்றாலும் கிளம்பும் நேரத்தில் கையைக் கடிக்கும். தனித்தனியாக வாங்குங்கள்.

9. பையில் என்ன, அங்கே எப்படி

பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பாவுக்குள் அனுமதி இல்லை. பால்கோவாவை விட்டுவிட்டு கடலை மிட்டாயும் முறுக்கும் எடுத்துப் போங்கள். சைவம் என்றால் பதிவிலேயே எழுதுங்கள், அங்கே போய்ச் சொன்னால் ரொட்டியும் வெண்ணெயும்தான். மாநாடு பிரேசிலிலோ மஞ்சள் காய்ச்சல் பரவும் ஆப்பிரிக்க நாடுகளிலோ என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுப் பத்து நாளாவது ஆகியிருக்க வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அந்த அட்டை இல்லாமல் திரும்பினால் இங்கே தனிமைப்படுத்துவார்கள்.

பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் மட்டும் வசதியாகப் பேசும் பிள்ளைக்கு, பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்ல ஒருவர் வேண்டும். அதைவிட முக்கியம், அவர் தமிழில் பேசும்போது அதை அப்படியே மற்றவர்களுக்குச் சொல்ல ஒருவர். பிள்ளை சொன்னதை நீட்டி அழகுபடுத்திச் சொல்லும் பழக்கம் பெரியவர்களுக்கு உண்டு, அதைக் கைவிடுங்கள். பொதுக்கூட்டத்தில் பேச வரிசையில் நிற்கும் பிள்ளையை முன்னால் தள்ளவும் வேண்டாம், பின்னால் இழுக்கவும் வேண்டாம்.

10. திரும்பி வந்த பிறகு

போர்டிங் பாஸையும் ரசீதுகளையும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த விசாவுக்குச் சொன்ன தேதியில் திரும்பி வந்ததற்கான சான்று அவைதான். குழுவாகப் போனவர்கள் ஒரு வாரத்துக்குள் கணக்கைப் பிள்ளைகளின் கூட்டத்தில் வைத்து முடித்துவிடுங்கள். உங்கள் ஃபைலை முழுதாக ஸ்கேன் செய்து, ஆதார், பாஸ்போர்ட், வங்கி எண்களைக் கறுப்படித்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கடிதம் இல்லாத பிள்ளைக்கு என்ன வைத்தீர்கள் என்று அடுத்த வருடம் யாராவது கேட்கும்போது அதை அப்படியே அனுப்பலாம்.